ஃபேன் மேல் என்ன தப்பு?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டில் அதிகம் சத்தம் போடுகிறவர் யார்?

உடனே ஒரு பெயர் நாக்கு நுனிக்கு வந்திருக்குமே! அப்பாவாக இருக்கலாம். மனைவியாக இருக்கலாம். உங்கள் பெயராகவேகூட இருக்கலாம். அது அப்படியே இருக்கட்டும். இப்போது இரண்டாவது கேள்வி. வீட்டில் ஏதாவது கோளாறு என்றால், முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது?

பெரும்பாலும் அதே ஆள் மேல்தான், இல்லையா? சத்தம் எங்கிருந்து வருகிறதோ தப்பும் அங்கேதான் என்று காது சொல்கிறது. மூளையும் மறுபேச்சு பேசாமல் கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

இது நியாயமா? பதில் தேட ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், வாருங்கள். பயப்பட வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தொட்டு மட்டும் பார்த்தால் போதும்.

மேஜைக் கம்ப்யூட்டரின் மூளைக்கு ப்ராசஸர் என்று பெயர். அதற்குள் இருக்கும் சில்லு ஒரு தபால்தலையைவிடச் சின்னது. ஆனால் அதன் பசி பெரிது. 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே என்ற ப்ராசஸர், முழு வேகத்தில் ஓடினால் 253 வாட் வரை இழுக்கும். இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் சால்டரிங் அயர்ன் பார்த்திருப்பீர்கள். சாதாரண அயர்ன் 25 வாட். அப்படிப் பத்து அயர்ன்களைக் கட்டி ஒரு தபால்தலை மேல் அழுத்திப் பிடித்தால் எப்படியிருக்கும்? அதுதான் உள்ளே நிலைமை.

இந்தச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகத்தான் லிக்விட் கூலர். ப்ராசஸரின் தலையில் ஒரு செம்புத் தகடு. அதன்மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி பம்ப். அங்கிருந்து இரண்டு ட்யூப்கள் கிளம்பி, கேபினெட் ஓரத்தில் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகின்றன. காரில் இருக்கிற அதே ரேடியேட்டர்தான், கொஞ்சம் ஒல்லியாக. செம்பு சூட்டை வாங்கும், திரவம் சுமந்து போகும், ரேடியேட்டரில் ஃபேன் காற்றடிக்கும், ஆறிய திரவம் மறுபடி செம்புக்குத் திரும்பும். எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே நிரப்பி சீல் வைத்துவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்களும் நானும் எட்டிப் பார்க்க முடியாது.

ஏன் தண்ணீர்? 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். அதே 1 கிராம் செம்புக்கு 0.39 ஜூல் போதும். அதாவது தண்ணீர் நிறைய வாங்கிக்கொண்டும் அதிகம் அலட்டிக்கொள்ளாது. சில பேர் இப்படி இருப்பார்கள். எவ்வளவு சொன்னாலும் முகத்தில் தெரியாது.

எல்லாம் சரி, இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?

முதலில் கெடுவது பெரும்பாலும் பம்ப். 5, 6 வருஷம் ஓய்வில்லாமல் சுற்றியதில் பேரிங் தேய்ந்திருக்கலாம். திரவம் ட்யூபின் சுவர் வழியாக நாள்பட நாள்பட ஆவியாகக் கசிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கலாம். உள்ளே சேர்ந்த கசடு, மிக மெல்லிய செம்புக் கால்வாய்களை அடைத்திருக்கலாம். எப்படியானாலும் பம்ப் நிற்கும்போது கூப்பாடு போடுவதில்லை. சில பம்புகள் சாவதற்கு முன் கொஞ்சம் களகளக்கும். பல பம்புகள் அந்தத் தொந்தரவைக்கூடத் தராமல் அடங்கிவிடும்.

இப்போது ப்ராசஸர் சூடேறுகிறது. மதர்போர்டு பதறிப்போய் ஃபேன்களுக்கு உத்தரவு போடுகிறது: "இன்னும் வேகமா சுத்து!" பாவம் அந்த ஃபேன்கள். முழு மூச்சாகச் சுற்றுகின்றன. அறை முழுக்க ஹெலிகாப்டர் சத்தம். ஆனால் எதன்மேல் காற்றடிக்கின்றன? சூடே வந்து சேராத ரேடியேட்டர் மேல்! சாப்பாடு வராத பந்தியில் ஓடி ஓடி இலை போடுகிறவனைப் போல, அவ்வளவு உண்மையாக உழைத்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதே நேரம் ப்ராசஸரும் ஒரு காரியம் செய்கிறது. 100 டிகிரியை நெருங்கும்போது (சில மாடல்களில் 95) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. குதிரை ஓட்டம் ஆமை நடையாகிவிடுகிறது. அதற்கும் சூடு அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும்.

வெளியே உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிவது இரண்டே விஷயம். ஃபேன் சத்தம் போடுகிறது. கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறது. நாம் என்ன தீர்ப்பு எழுதுகிறோம்? "ஃபேன் போயிடுச்சு. ப்ராசஸர் பழசாயிடுச்சு." உழைத்துக்கொண்டிருப்பவன் மேல் ஒரு குற்றச்சாட்டு. காயம்பட்டுத் தவழ்கிறவன் மேல் ஒரு குற்றச்சாட்டு. வேலையை நிறுத்தியவனோ சாட்சிப் பட்டியலில்கூட இல்லை!

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயோடு நிற்காமல் அதன் மூலத்துக்குப் போகச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். மூலத்துக்குப் போகும் வழியில்தான் நமக்குக் கால் வழுக்குகிறது. நல்ல டெக்னீஷியன் எப்படிப் போகிறார் என்று பாருங்கள். அவர் கேட்பது நாலே கேள்விகள்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரத்தில் சூடாகிறது? கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வெப்பநிலையைக் கவனிப்பார். சில விநாடிகளிலேயே 100-ஐத் தொட்டால், சூடு ப்ராசஸரின் வாசலையே தாண்டவில்லை என்று அர்த்தம். திரவம் ஓடவில்லை, அல்லது செம்புத் தகடு சரியாக ஒட்டவில்லை. மாறாக, பத்துப் பதினைந்து நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், திரவம் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கலாம். ஃபேன் சுற்றாமல் இருக்கலாம். அறையே சித்திரை வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கலாம். எந்த ரேடியேட்டரும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. ஆக, கோபம் வந்தது என்பதைவிட, எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதில் செய்தி அதிகம்.

இரண்டாவது கேள்வி: கை என்ன சொல்கிறது? இரண்டு ட்யூப்களையும் தொட்டுப் பார்ப்பார். திரவம் நன்றாக ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். ஒன்று சுட்டு, இன்னொன்று சுடாவிட்டால் ஓட்டம் இல்லை. திரையில் 95 டிகிரி காட்டும்போது ரேடியேட்டர் சாதாரணமாக இருந்தால், ஃபேன் குற்றமற்றது. அந்த இடத்திலேயே விடுதலை.

மூன்றாவது கேள்வி: இதே அறிகுறிக்கு வேறு காரணம் உண்டா? இதைக் கேட்கத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. ரேடியேட்டர் சூடாகவில்லை என்றவுடன் "பம்ப் காலி" என்று சொல்லிவிடலாம். ஆனால் ப்ராசஸருக்கும் செம்புக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போனாலும், ஒரு ஸ்க்ரூ தளர்ந்து தகடு லேசாகத் தூக்கினாலும், இதே மாதிரிதான் தெரியும். கழற்றித் துடைத்து, புது பேஸ்ட் தடவி, மறுபடி பூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலை ஒரேயடியாக மாற்றினால் கோளாறு போய்விடலாம், எதனால் போனது என்று மட்டும் கடைசி வரை தெரியாது.

நான்காவது கேள்வி: காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? பம்ப் வேகத்தைத் திரையில் பார்க்க முடியும். பூஜ்யம் என்று காட்டினால் பம்ப் செத்திருக்கலாம், அல்லது வயர் இடம் மாறிச் சொருகியிருக்கலாம். 2800 என்று காட்டினால்? நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். நல்ல டெக்னீஷியன் விடமாட்டார். மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு அந்த எண் சாட்சி. திரவம் ஓடுகிறது என்பதற்கு அது சாட்சியே இல்லை.

இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மனிதர்கள் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் பிரச்னை இதேதான்... சூட்டைத் தண்ணீரால் அகற்றுவது. இடம்தான் வேறு, ஓர் அணு உலை.

1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு சின்னக் கோளாறில் அழுத்தம் கூடியது. அதைக் குறைக்க ஒரு வால்வு திறந்தது. வேலை முடிந்ததும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது. அதன் வழியாக உலையைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில், வால்வு மூடிவிட்டது போல விளக்கு அணைந்துவிட்டது. அந்த விளக்கு உண்மையில் சொன்னது என்ன தெரியுமா? 'மூடச் சொல்லியாகிவிட்டது' என்பதை மட்டும். 'மூடியாகிவிட்டது' என்பதை அது சொல்லவே இல்லை!

இன்னொரு கருவியோ, தண்ணீர் அதிகமாக இருப்பது போலக் காட்டியது. அதை நம்பி, தானாக ஓடத் தொடங்கிய அவசரகாலக் குளிர்விப்புத் தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, புதிதாக உள்ளே வந்த ஒருவர் சந்தேகப்பட, அதே குழாயில் இருந்த இன்னொரு வால்வை மூடினார்கள். கசிவு நின்றது. அதற்குப் பிறகும் உலையைக் குளிர்விக்கப் பல மணி நேரம் போராட வேண்டியிருந்தது. முடிவில், உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிருந்தது.

எல்லோர் விரலும் யாரை நோக்கி நீண்டிருக்கும்? அந்த அறையில் இருந்த ஆபரேட்டர்களை நோக்கித்தான். தண்ணீரைக் குறைத்தது அவர்கள் கைதானே!

விசாரணைக் கமிஷனுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் கெமனி என்ற கணித மேதை. கம்ப்யூட்டர் கிளாஸில் 'பேசிக்' மொழி படித்தவர்கள் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். 1964-ல் அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். ஆபரேட்டர்கள் தவறு செய்தார்கள் என்பதை அவருடைய கமிஷன் மறைக்கவில்லை. ஆனால் அதோடு கதையை முடிக்கவும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி போதாது, கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே குழப்பமானது என்றது. ஒன்றரை வருஷம் முன்னால், 1977-ல் ஒஹையோவில் இருக்கும் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே மாதிரி வால்வு சிக்கி, அங்கேயும் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். அது விபரீதமாகாமல் தப்பித்தது. அந்த அனுபவம் த்ரீ மைல் ஐலண்ட் ஆட்களுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதையும் கமிஷன் எடுத்து வைத்தது. செய்தியும் ஓர் ஓட்டம்தானே... எங்கோ நின்றுபோயிருந்தது.

அணு உலையை விட்டு நம்ம ஊருக்கு வந்துவிடுவோம். சென்னையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். வைகாசி முகூர்த்த சீசனில் அவருடைய கம்ப்யூட்டர் படுத்தியது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற ரெண்டரிங், ராத்திரி முழுக்க ஓடியது. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் மேல் போன். அவரிடம் வேலை பார்த்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர்.

"நான் இல்லாதப்ப கேம் போட்டு வெளையாடறியா? கண்ட பென்டிரைவையும் சொருகி வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே, சத்தியமா இல்லண்ணே. ஃபேன் சத்தம் வரும்போதெல்லாம் ஸ்லோவாகுதுண்ணே. ஏதோ சூடாகுதுபோல..."

"நீ எனக்கு சொல்லித் தர்றியா?"

பையனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். ஃபேனை மாற்றினார். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார். இன்னும் பெரிய ஃபேனை மாட்டினார். சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். வந்தவர் ஒரு வீடியோவை ஓடவிட்டார், கேபினெட்டுக்குள் கையை விட்டார்.

"சார், ரேடியேட்டரத் தொட்டுப் பாருங்க."

"ஜில்லுனு இருக்கே! நல்லாத்தானே இருக்கு?"

"அது ஜில்லுனு இருக்கறதுதான் சார் பிரச்னை."

தகட்டைக் கழற்றி, பேஸ்ட் மாற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். அதே கதை. பம்ப் செத்துப்போயிருந்தது. புது கூலர் மாட்டியதும் பெட்டி பழையபடி பறந்தது. பில்லைப் பார்த்தேன். கூலருக்கு ஒரு வரி. பேஸ்ட்டுக்கு ஒரு வரி. கூலி ஒரு வரி. அந்தப் பையனுக்கு எந்த வரியும் இல்லை.

"பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"எதை சார்?"

"தப்பு அவன் மேல இல்லேனு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவன் இந்நேரம் வேற எடத்துல சேர்ந்திருப்பான் சார்... விடுங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பையனுடைய அக்கா கல்யாணத்துக்குக் காசு வாங்காமல் வீடியோ எடுத்துக்கொடுத்தவர். ஆனாலும் அந்த 'விடுங்க' இருக்கிறதே, நாம் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. கோளாறு சரியாகிவிட்டது. வேலை நடக்கிறது. அப்புறம் எதற்குப் பழசைக் கிளறுவது என்று தோன்றுகிறது.

யோசித்துப் பார்த்தால், தவறான தீர்ப்பில் இரண்டு நஷ்டம் இருக்கிறது. ஒன்று, வீணாக வாங்கிய ஃபேனுக்கான பணம். அது கணக்கு நோட்டில் ஏறிவிடும். இன்னொன்று, ஒரு பையன் 'நான் செய்யலை' என்று யாரிடமும் நிரூபிக்க முடியாமல் பஸ் ஏறிப் போனது. அது எந்த நோட்டிலும் ஏறாது. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. சூடாகிறது என்ற சரியான தகவலை முதலில் சொன்னதே அவன்தான்! சந்தேகத்துக்கு ஆளான பிறகு அவன் வாயிலிருந்து வந்த உண்மையும் சாக்குப்போக்காகவே கேட்டது.

அதனால் டெக்னீஷியனின் நாலு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. மெஷின்களுக்கு அது தேவையில்லை. பழைய ஃபேனைத் திட்டியதற்காக யாரும் அதனிடம் வருத்தம் சொல்ல வேண்டாம். மனிதர்கள் சம்பந்தப்பட்டால் அந்தக் கேள்வி இல்லாமல் சோதனை முடிவதில்லை. 'உண்மைக் காரணம் தெரிந்துவிட்டது. இதுவரை யாரைத் தவறாகச் சொன்னோம்? அவருக்குத் தகவல் போய்விட்டதா?' கமிஷன் வைத்து விசாரிக்க வேண்டாம். ஒரு போன் போதும். "தம்பி, பம்ப் போயிருந்துதுப்பா. உன் மேல தப்பில்ல." பதினைந்து விநாடி ஆகுமா?

"அப்படியானால் சத்தம் போடாமல் இருக்கிறவன்தான் எப்போதும் குற்றவாளியா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒரு புது மூடநம்பிக்கையை நான் கிளப்பிவிடத் தயாராக இல்லை. உண்மையிலேயே ஃபேன் கெட்டுக் கரகரக்கிற கம்ப்யூட்டர்களும் நிறைய உண்டு. வீட்டில் நிஜமாகவே காரணமில்லாமல் கத்துகிறவர்களும் உண்டு. தொட்டுப் பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த பம்ப் மட்டும் குற்றவாளியா என்ன? வருஷக்கணக்காக, சீல் வைத்த இருட்டுக்குள், ஒருத்தரும் 'எப்படி இருக்கே?' என்று கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் முடியாமல் போய்விட்டது. குடும்பங்களிலும் இப்படி ஓர் ஆள் உண்டு. ஒருவர் சூட்டை இன்னொருவரிடம் சேர்க்காமல், தான் வாங்கி ஆற்றிவிடுகிற ஆள். பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் பேசாத ஒரு அண்ணன். அவர்கள் நின்றுபோனதும் மற்றவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று நமக்குப் புரிவதில்லை. கத்துகிறவர்களை அடக்குவதிலேயே காலம் போகிறது.

கோளாறு எங்கே என்று தேடுவதற்கும் குற்றவாளி யார் என்று தேடுவதற்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. முதலாவது, யாருக்கு உதவி வேண்டும் என்ற பதிலில் போய் நிற்கும். இரண்டாவது, யாரை அனுப்பிவிடலாம் என்ற பதிலில் போய் நிற்கும்.

ஆரம்பத்தில் ஒரு பெயர் உங்கள் நாக்கு நுனியில் வந்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த ஆள் இன்று சாயங்காலம் மறுபடி சத்தம் போடும்போது, பதிலுக்குக் கத்துவதற்கு முன் ஒரே ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்கள். எங்கேயோ சூடாகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படியே வீட்டில் கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லாமல் இருக்கிறவர் யார் என்றும் ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைத் தொட்டுப் பாருங்கள்.